சித்திரகுப்தன் கணக்குக்கு ஒரு மாற்று

எமன் சபையிலே சித்திரகுப்தன் என்று ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறான் என்றும், நாம் செய்கிற, பேசுகிற, நினைக்கிற காரியங்களையெல்லாம் அவன் ஓர் ஏட்டிலே எழுதி வைத்துக் கொண்டிருக்கிறான் என்றும், செத்த பிறகு அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் தண்டனை கொடுப்பார்கள் என்றும் நம் பாட்டிமார் நமக்குச் சொல்லி வைத்தார்கள். அப்படி ஒரு கணக்கப்பிள்ளையும் இல்லை, ஏடும் இல்லை என்று நாம் ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லி, வசவும் வாங்கிக் கட்டிக் கொண்டு, ஒருவாறு நாலு பேரை ஒப்புக்கொள்ளச் செய்திருக்கிற இந்தச் சமயத்தில், மனிதர்களே அந்த ஏட்டை உண்டாக்கி விட்டார்கள். இந்தப் புதிய சித்திரகுப்தன் செத்த பிறகு கணக்குப் பார்ப்பவனல்ல. உயிரோடிருக்கும்போதே பார்க்கிறான், பார்த்ததை விலைக்கும் விற்கிறான்.

இதை நாம் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து எதையாவது தேடினால், தேடிய சொல், பார்த்த பக்கம், பார்த்த நேரம், திறந்த படம், எழுதி அழித்த கடிதத்தின் மிச்சம் ஆகிய எல்லாம் அதன் டிஸ்க்கிலே ஏதாவதொரு மூலையில் தங்கி விடுகின்றன. "அழித்து விட்டேன்" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அட்டவணையிலிருந்து பேரை எடுத்ததேயொழிய பக்கத்தைக் கிழித்ததல்ல. அன்றியும் அந்தச் சேதி நமக்கு வந்து சேருகிற வழியிலே, இண்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவன் ஒரு கணக்கு, தேடிக் கொடுத்தவன் ஒரு கணக்கு, விளம்பரக்காரன் ஒரு கணக்கு என்பதாக ஆளுக்கொன்று எழுதிக் கொள்ளுகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நமக்குப் பழக்கமான ஒரு பெண், காலேஜில் படித்து வந்தவள், வேறு ஜாதிப் பையன் ஒருவனை மணந்து கொள்ள எண்ணி, சட்டம் என்ன சொல்லுகிறது, ரிஜிஸ்டர் ஆபீசில் முப்பது நாள் நோட்டீஸ் போடுவார்களாமே அது வீட்டுக்குத் தெரிந்துவிடுமா என்பதையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் அவளுடைய அண்ணன் ஏதோ சினிமாப் பாட்டைத் தேடுவதற்காக முதல் எழுத்தைத் தட்டினான். அந்தக் கம்ப்யூட்டர் வெகு மரியாதையாக, முந்தின நாள் அந்த எழுத்திலே தேடினதையெல்லாம் அவன் கண் முன்னே வரிசையாக நிறுத்திவிட்டது. அப்புறம் காலேஜ் நின்றது, போன் பறிபோயிற்று, அடி விழுந்தது, மூன்று மாத காலம் வாசற்படி தாண்ட முடியவில்லை. அவள் உயிரோடிருக்கிறாள். அதற்கு மேல் அவளைப் பற்றி இங்கே எழுதுவது நியாயமல்ல. இந்நாட்டில் இதே காரணத்துக்காக உயிரையே இழந்தவர்கள் உண்டென்பது பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவளைக் காட்டிக் கொடுத்தது பகையாளியுமல்ல, ஒற்றனுமல்ல. ஞாபக சக்தி அதிகமுள்ள ஒரு யந்திரம்.

அந்தப் பெண்ணுக்கு அன்று வேண்டியிருந்தது மறக்கத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர். அப்படியொன்று உலகத்தில் இருக்கிறது என்பது அப்போது நமக்கே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்போம். அந்தக் குற்ற உணர்ச்சியாலேயே இதை எழுதுகிறோம் என்று வைத்துக் கொண்டாலும் சரி.

அதன் பேர் 'டெய்ல்ஸ்'. 2009-ம் வருஷம் ஜூன் மாதத்தில் 'அம்னீஷியா', அதாவது மறதி, என்ற பேருடன் முதன் முதலாக வெளிவந்து, பிறகு 'இன்காக்னிட்டோ' என்ற மற்றொரு ஏற்பாட்டோடு சேர்ந்து இந்தப் பேரைப் பெற்றது. அது முதல் பல பதிப்புகள் வந்து, 2025-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி 7.0 என்ற பெரிய பதிப்பு வெளியாயிற்று. அதற்குப் பின்னும் சிறு பதிப்புகள் வந்திருக்கின்றன.

கம்ப்யூட்டர் என்கிற உடம்புக்குள் அதை நடத்துகிற ஒரு மூளை இருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள். நம்மில் அநேகர் வீட்டில் அது விண்டோஸ். அது டிஸ்க்கிலே குடியிருக்கிறது. டெய்ல்ஸ் அப்படிக் குடியிருப்பதில்லை. ஒரு பென் டிரைவில் அதை ஏற்றி, கம்ப்யூட்டரில் சொருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். அப்படிக் கிளப்பினால் உள்ளே குடியிருக்கிற விண்டோஸ் தூங்கிக் கொண்டேயிருக்கும். வந்ததும் போனதும் அதற்குத் தெரியாது. டெய்ல்ஸ் தன் வேலையையெல்லாம் 'ராம்' என்கிற தற்கால நினைவிலேயே செய்கிறது. (இராமாயணத்து ராமன் அல்ல, தோழர்கள் கோபிக்க வேண்டாம்.) டிஸ்க் என்பது கல்வெட்டு, ராம் என்பது சிலேட்டுப் பலகை. வேலை முடிந்து அணைக்கும்போது டெய்ல்ஸ் அந்தப் பலகையைத் துடைத்து விட்டே போகிறது. அவசரமானால் பென் டிரைவைப் பிடுங்கினாலே போதும், கம்ப்யூட்டர் நின்று போகும். எதையாவது வைத்துக் கொள்ள வேண்டுமென்று நாமாக விரும்பினால், அதே பென் டிரைவில் பூட்டுப் போட்ட ஓர் அறையை உண்டாக்கிக் கொள்ளலாம். அதற்குச் சாவி நம் தலைக்குள்ளிருக்கிற கடவுச் சொல் ஒன்றுதான்.

சிலர், "எங்கள் பிரௌசரிலேயே ரகசிய ஜன்னல் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பார்கள். அந்த ஜன்னல் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிற அடுத்த ஆளுக்குச் சரித்திரத்தை மறைக்குமேயொழிய, கனெக்‌ஷன்காரனுக்கும் மறைக்காது, கம்பெனிக்காரனுக்கும் மறைக்காது. கூகிள் கம்பெனி தன்னுடைய ரகசிய ஜன்னலில் பார்த்தவர்களின் விவரங்களையும் சேர்த்தது என்று 2020-ல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2024-ல் அக் கம்பெனி அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான குறிப்புகளை அழித்துவிடுவதாக ராஜிக்கு வந்தது. கதவுக்கு 'ரகசியம்' என்று பேர் எழுதி ஒட்டினவர்கள் யோக்கியதை இது.

டெய்ல்ஸ் இந்த இரண்டாவது தொல்லைக்கு வேறு ஏற்பாடு வைத்திருக்கிறது. அதிலிருந்து வெளியே போகிற எல்லாப் போக்குவரத்தும் 'டார்' என்ற வழியாகத்தான் போக முடியும். மற்ற வழிகளை அது அடைத்து விடுகிறது. டார் என்பது, ஒரு கடிதத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறையிலிட்டு மூன்று ஆட்கள் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்தனுப்புவது போன்றது. முதல் ஆளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியும், எங்கே போகிறதென்று தெரியாது. மூன்றாவது ஆளுக்கு எங்கே போகிறதென்று தெரியும், யார் அனுப்பினதென்று தெரியாது. நடு ஆளுக்கு இரண்டும் தெரியாது. இதிலே வேடிக்கை என்னவென்றால், இந்த யுக்தியைக் கண்டுபிடித்தது அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி சாலை. 1990-களின் நடுவில் தங்கள் சொந்தக் காரியத்துக்காக ஆரம்பித்தார்கள். ஆனால் ஒற்றர்கள் மாத்திரம் நடக்கிற ரோட்டில் எவன் நடந்தாலும் ஒற்றன் என்று தெரிந்து போகுமல்லவா? ஆகையால் எல்லா ஜனங்களும் நடக்கிற ரோடாக அதைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 2006-ல் டார் புராஜக்ட் என்ற லாப நோக்கமில்லாத ஸ்தாபனம் அதை நடத்த ஏற்பட்டது. 2024 செப்டம்பரில் டெய்ல்ஸ்காரர்களும் அந்த ஸ்தாபனத்தோடு சேர்ந்து விட்டார்கள்.

நிற்க, புதிய பதிப்பில் என்ன விசேஷம் என்றால், பெரிய விசேஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. டெய்ல்ஸ் 'டெபியன்' என்ற பொதுச்சொத்தான ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்டது, 7.0 டெபியன் 13-ன் மேல் கட்டப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்குப் பத்துப் பதினைந்து வினாடி குறைவாகப் பிடிக்கிறது. அதற்குப் பதிலாக இறக்குமதி செய்ய வேண்டிய அளவு நூற்றுக்குப் பத்துப் பங்கு பெருத்திருக்கிறது. இதுவரை 2 ஜிபி ராம் போதும் என்றிருந்தது இப்போது 3 ஜிபி வேண்டும் என்றாகி விட்டது. இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்று அவர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்று பார்த்தால், பழைய கம்ப்யூட்டரை மூன்றாவது கைமாற்றாக வாங்கின ஏழைகளாகத்தான் இருப்பார்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவையாகவும் இருக்கும் என்பதை நாம் குறையாகவே சொல்லுவோம். காசு கொடுத்து வாங்குகிற சாமானில்லையே, இனாமாய்க் கொடுப்பதில் குறை சொல்லலாமா என்றால், இனாமாய்க் கொடுக்கிறவனிடம் மாத்திரம் வாயை மூடிக் கொண்டிருக்கச் சொல்லுவது கோயில் பிரசாதத்துக்குப் பொருந்தும். அறிவுக் காரியத்துக்குப் பொருந்தாது.

இனி, "யோக்கியனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிற கனவான்களுக்கு வருவோம். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தங்கள் பாங்கிக் கணக்குப் புத்தகத்தைச் சந்தையில் விரித்து வைப்பார்களா? அது போகட்டும். ஓட்டுச் சாவடியிலே ஏன் மறைவு கட்டியிருக்கிறது? ஓட்டுப் போடுகிறவன் திருடன் என்பதற்காகவா? பண்ணையார் பார்த்துக் கொண்டிருக்கையில் பண்ணையாள் தன் இஷ்டப்படி முத்திரை குத்த முடியாது என்பதற்காகத்தானே? மறைவு என்பது பலவீனனுக்குள்ள கவசம். பலவான் அம்பலத்தில் எதையும் சொல்லிவிட்டுப் பிழைத்துப் போவான். நம் தேசத்து சுப்ரீம் கோர்ட்டில் 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அது அடிப்படை உரிமையல்ல என்று எதிர்வாதம் பேசியது சர்க்கார் தரப்புதான் என்பதையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுவது நல்லது.

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலிருந்தே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் என்பவர், அமெரிக்க சர்க்காரின் உளவு இலாகாவான என்.எஸ்.ஏ. சொந்த ஜனங்கள் உள்பட உலகத்தார் பேச்சையெல்லாம் வாரிச் சேர்க்கிறது என்பதை அந்த இலாகாவின் தஸ்தாவேஜுகளைக் கொண்டே வெளிப்படுத்தினார். அவற்றை வெளியிட்ட கிளென் கிரீன்வால்ட், லாரா பாய்ட்ரஸ், பார்ட்டன் கெல்மன் ஆகிய பத்திரிகைக்காரர்கள் அந்த வேலைக்கு டெய்ல்ஸ் இன்றியமையாததாக இருந்தது என்று 2014-ல் சொன்னார்கள். அதே 2014 ஜூலையில் ஜெர்மனியின் ரேடியோ ஸ்தாபனங்கள் இரண்டு மற்றொரு விஷயத்தை வெளியிட்டன. என்.எஸ்.ஏ.யின் 'எக்ஸ்கீஸ்கோர்' என்ற வலைக்கு எழுதியிருந்த விதிகளில், டெய்ல்ஸ் என்பது தீவிரவாதிகள் சிபாரிசு செய்கிற சாதனம் என்று குறித்து, அதைப் பற்றித் தேடினவர்களையும், அதைப் பற்றி எழுதியிருந்த ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைப் படித்தவர்களையும்கூட அடையாளம் போட்டு வைக்க வழி செய்திருந்தார்களாம். இப்போது சொல்லுங்கள். டெய்ல்ஸ் என்றால் என்ன என்று அறிய விரும்பின ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்ன குற்றம் செய்தார்? அவர் எதையும் மறைக்கவில்லை. மறைப்பது எப்படி என்று படித்தார். படித்ததே குற்றமாயிற்று. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது, யார் படிக்கலாம் என்று விதி போட்டவர்களை நம் நாடு நன்றாகவே அறியும். அவர்கள் மாத்திரம்தான் அந்தப் புத்தியோடு பிறந்தவர்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தோம்.

"அப்படியானால் அயோக்கியர்களும் இதை உபயோகிப்பார்களே?" என்றால், உபயோகிக்கத்தான் செய்கிறார்கள். இதை மறைத்துப் பேச நமக்கு இஷ்டமில்லை. சிறு பெண்களைப் பயமுறுத்தி அக்கிரமம் செய்துவந்த ஒரு பாதகன் பல வருஷம் டெய்ல்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். 2017-ல் ஃபேஸ்புக் கம்பெனி பணம் செலவு செய்து, டெய்ல்ஸிலிருந்த வீடியோ பார்க்கும் கருவியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் செய்து, அது அமெரிக்கப் போலீசான எஃப்.பி.ஐ. கைக்குப் போய், அதன் வழியே அவன் பிடிபட்டான். அவன் பிடிபட்டதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் அந்த ஓட்டையைப் பற்றி டெய்ல்ஸ் செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2020-ல் பத்திரிகையில் வந்த பிறகே அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அதே கருவியைப் புருஷனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிற பெண்ணும் உபயோகித்துக் கொண்டிருந்திருப்பாளே, அவள் கதி என்ன என்பதை யாராவது யோசித்தார்களா? அன்றியும் இந்தச் சம்பவத்திலிருந்தே ஒன்று விளங்குகிறது. ஒரு பாதகனைப் பிடிக்க அந்த ஒருவனைத் துரத்தினால் போதும். ஊர் முழுவதையும் ஒட்டுக் கேட்க வேண்டியதில்லை. திருடன் சத்தமில்லாமல் நடக்கிறான் என்பதற்காக ஊரிலுள்ளவர்களெல்லாம் காலில் சலங்கை கட்டிக் கொண்டு நடக்க வேண்டுமென்று சட்டம் போட்டால் யாராவது ஒப்புவார்களா?

இவ்வளவும் சொன்ன பிறகு, நம்முடைய சொந்தத் தோழர்களுக்கே ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்து, "டெய்ல்ஸ் போட்டு விட்டேன், இனி என்னை எவனும் கண்டுபிடிக்க முடியாது" என்று நெஞ்சைத் தட்டினார். கழுத்திலே கிடந்த தாயத்தை அறுத்தெறிந்தவர், இப்போது பென் டிரைவைக் கட்டிக் கொண்டிருக்கிறார் என்றே நமக்குப் பட்டது. விசாரித்ததில், அவர் டெய்ல்ஸுக்குள் போய்த் தம்முடைய சொந்தப் பேரிலுள்ள ஈமெயிலைத் திறந்து அதிலிருந்து மொட்டைக் கடிதம் ஒன்று அனுப்பியிருக்கிறார்! முகமூடி போட்டுக் கொண்டு, "நான்தான் இன்னார் மகன்" என்று சொல்லிக் கொண்டு தெருவில் நடந்தால் முகமூடி என்ன செய்யும்?

டெய்ல்ஸ் செய்கிறவர்களே தங்கள் சாதனத்தால் ஆகாதது இன்னின்ன என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் டார் உபயோகிக்கிறீர்கள் என்பது கனெக்‌ஷன்காரனுக்குத் தெரியும்; அதையும் மறைக்க 'பிரிட்ஜ்' என்ற வேறு ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். மூன்றாவது ஆள், பூட்டில்லாத சேதியானால் படித்துப் பார்த்துவிடலாம். நீங்கள் அனுப்புகிற போட்டோவுக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். அதைத் துடைக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது, ஆனால் துடைக்க வேண்டியது நீங்கள். கம்ப்யூட்டரின் உடம்பிலேயே ஒருவன் ஒற்றுக் கருவியைப் பொருத்தியிருந்தால் டெய்ல்ஸ் ஒன்றும் செய்ய முடியாது. பின்னாலே நின்று பார்க்கிற மாமனையும் அது தடுக்காது. தன்னால் ஆகாததை இப்படி முன்கூட்டியே சொல்லுகிற சாமி எதையாவது நாம் கண்டதுண்டா?

இந்த ஒரு குணத்துக்காகவே அதன் மேல் நமக்கு மதிப்பு ஏற்படுகிறது. அதன் உள் எழுத்து முழுவதும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. காதிலே ஓதிவிட்டு வெளியே சொல்லாதே என்கிற மந்திரமல்ல. 2017 நவம்பர் முதல், அந்த எழுத்தைக் கொண்டு நீங்களே ஒரு பிரதியைக் கட்டி, அவர்கள் கொடுத்த பிரதியோடு ஓர் எழுத்துக்கூட வித்தியாசமில்லாமல் ஒத்துப் பார்க்கும்படியும் செய்திருக்கிறார்கள். வெளியாரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னதில் பெரிய ஓட்டைகள் சில அகப்பட்டன. உள்ளே ஏதாவதொரு கருவியைப் பிடித்துக் கொண்டவன், புதுப்பிக்கிற வழியாக நுழைந்து பென் டிரைவையே நிரந்தரமாகக் கைப்பற்றிக் கொள்ளலாம் என்பது அவற்றிலொன்று. 2025 ஜனவரியில் அவற்றை அடைத்து, இன்ன தப்பு இருந்தது, திருத்தினோம் என்று தாங்களே பறையடித்தார்கள். தப்பே செய்யாதவர்கள் என்று பேர் வாங்கினவர்களை நம்புவதைவிட இப்படிப்பட்டவர்களை நம்பலாம். அதுகூட, நம்பாமல் சோதித்துக் கொண்டே உபயோகிப்பதுதான் சரி. இறக்கின பிரதி அசல்தானா என்று ஒத்துப் பார்க்கும் வசதி அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு இரண்டு நிமிஷம் பிடிக்கிறதென்று சோம்பல்பட்டு விடுகிறவர்கள் டெய்ல்ஸ் உபயோகிப்பதைவிடச் சும்மா இருப்பது மேல்.

வேண்டியது இவ்வளவுதான்: 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒன்று, 3 ஜிபி ராம் உள்ள 64-பிட் கம்ப்யூட்டர் ஒன்று. ஆப்பிள் கம்பெனியின் புதிய எம் வரிசைக் கம்ப்யூட்டர்களில் ஓடாது, கைப்போனில் ஓடாது. பென் டிரைவில் முன்னே இருந்ததெல்லாம் அழிந்து போகும், ஆகையால் கலியாண போட்டோ வைத்திருக்கிற பென் டிரைவை எடுத்து வந்து பிறகு நம்மேல் வருத்தப்பட வேண்டாம். கம்ப்யூட்டரைக் கிளப்பும்போது எந்த விசையை அழுத்த வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். நாம் இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு முதல் தடவை செய்தபோது ஒரு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. இப்போது கால் மணியில் செய்கிறோம்.

நம் ஊர்ப் படிப்பகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இதற்கென்று வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் நாலு மணிக்குமேல் பென் டிரைவோடு வருகிறவர்களுக்குச் செய்து காட்டப்படும். பெண்கள் தனியாக வந்து கற்றுக் கொள்ள விரும்பினால் காலையில் வரலாம். சொல்லிக் கொடுப்பதற்குப் பெண் தோழர் ஒருவர் இருப்பார். யார், எதற்காக என்று கேட்க மாட்டோம்.